கரவாகுப் பற்றின் ஊர்ச்சபைகள்

ஒரு நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் மன்னர் முடிசூடிய ஆண்டையும் கோட்டை வீழ்ந்த ஆண்டையும் தேடித் திரிவர். ஓர் ஊரின் சரித்திரத்தை எழுதப் புகுவோனுக்கு அவ்வசதி இல்லை. ஊருக்கு மன்னனும் இல்லை, கோட்டையும் இல்லை. ஊரார் ஒன்றுகூடி எதைப்பற்றி வாதாடினர், எதை முடிவு செய்தனர், முடிவு செய்த பின் யார் யாரோடு பேசாமல் விட்டனர் என்பனவே ஊரின் சரித்திரம். அவ்வகையில் நமது கல்முனைப் பகுதியின் சரித்திரம் பெரும்பாலும் சபைகளின் சரித்திரமாகவே இருக்கிறது. இதனை இம்மலரைப் புரட்டும் இளைஞர்கள் ஒருமுறையேனும் நினைத்துப் பார்த்தல் நலம் எனக் கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மட்டக்களப்புத் தமிழகத்தின் தென்பாகத்தில், கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக அமைந்த ஒடுங்கிய மணற்பரப்பே பழைய கரவாகுப் பற்று. வடக்கேயிருந்து வருவோன் பெரியநீலாவணையைக் கடந்து மருதமுனையை அடைகிறான். மருதமுனைத் தறியோசை காதிலிருந்து மறையுமுன் பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிற் கோபுரம் தென்படுகிறது. அப்பால் கல்முனைக் கடைத்தெரு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது. மேற்கே நற்பிட்டிமுனையும் சேனைக்குடியிருப்பும். ஒரு தமிழூர், ஒரு முஸ்லிமூர், மீண்டும் ஒரு தமிழூர் என்று மாலையில் மணி கோத்தாற்போல் அமைந்த குடியிருப்புக்கள் இவை. பேசும் மொழி ஒன்று. உண்ணும் நெல் ஒரே வட்டையில் விளைந்தது. கலியாணம் செய்தவன் மனைவி வீட்டிற் குடிபுகும் வழக்கமும் இரு சாராருக்கும் ஒன்றே. 1961ஆம் ஆண்டு வரை மட்டக்களப்பு மாவட்டத்தோடு சேர்ந்திருந்த இப்பகுதி, அவ்வாண்டு அம்பாறை மாவட்டம் புதிதாக வகுக்கப்பட்டபோது அதனுட் சென்றது.

இங்கு கூடிய முதற்சபை எது? கந்தோர்க் கட்டிடத்தையும் கடதாசிக் கட்டையும் வைத்துப் பார்ப்போர் வெள்ளையர் காலத்தைச் சொல்வர். நாம் அவ்வாறு கருதவில்லை. வயல் நடுவே கூடிய வட்டைக் கூட்டமே முதற்சபை. எந்நாளில் மதகைத் திறப்பது, எக்கண்டத்துக்கு முதலில் நீர் பாய்ச்சுவது, வேலி கட்டாதவன் வயலில் மாடு புகுந்தால் குற்றம் மாட்டுக்காரனுடையதா வயற்காரனுடையதா, வட்டைவிதானைக்கு எத்தனை மரைக்கால் நெல் கொடுப்பது — இவை தீர்மானமாகாமல் ஒரு போகமும் தொடங்கியதில்லை. தமிழ்ப் போடியாரும் முஸ்லிம் போடியாரும் ஒரே வரம்பில் குந்தியிருந்து வாதாடினர். வாய்க்காலுக்குச் சாதி சமயம் தெரியாது. மேல்வயற்காரன் வெட்டி விட்டாலன்றிக் கீழ்வயற்காரனுக்கு நீர் இல்லை என்பதே அச்சபையின் சட்டம்.

இதனைத் தேசாதிபதி சேர் ஹென்றி வாட் நன்கு அறிந்து கொண்டார். அவரது காலத்தில் நிறைவேறிய 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டம், விவசாயிகளின் பழைய வழக்கங்களை அவர்களே கூடித் தீர்மானித்து நடைமுறைப்படுத்த இடமளித்தது. இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டதும் அவர் காலத்து முயற்சியே. அந்நியர் ஆட்சியில் நமக்கு நேர்ந்த தீமைகள் பல; எனினும், உள்ள வழக்கத்தை உடைத்தெறியாமல் அதற்குச் சட்டவலுக் கொடுத்த இச்செய்கையைப் பாராட்டாமல் விடுதல் நன்றிமறத்தலாகும். பின்னர் 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்ததும், நீரின் சாவி வட்டையை விட்டு வெகுதூரம் போய்விட்டது. கூட்டம் நின்றபாடில்லை, ஆனால் கூட்டத்தார் கேட்பவர்களாயினர், திறப்பவர் வேறொருவராயினார்.

வயலுக்கு வெளியே இன்னும் இரு சபைகள் இருந்தன. கோயிலுக்கு வண்ணக்கர், பள்ளிவாசலுக்கு மரைக்காயர். இவ்விரு பதவிகளும் குடிமுறைப்படி வந்தவை. தாய்வழியாக வரும் குடி ஒவ்வொன்றும் தன் சார்பில் ஒருவரை அனுப்பும். எல்லாக் குடிக்கும் திருவிழாவிலும் கந்தூரியிலும் உரிய முறை உண்டு. வட இலங்கையிலிருந்து வந்து இவ்வழக்கத்தைக் காண்போர் வியப்படைவர். முஸ்லிம் மக்களிடையே தாய்வழிக் குடியா என்று கேட்போரும் உளர். கிழக்குக் கரையில் அப்படித்தான். இக்காலத்தில் தேர்தலுக்கு வட்டாரம் வகுப்போர், நம் முன்னோர் குடி என்ற பெயரில் வட்டாரம் வகுத்து நெடுங்காலம் ஆயிற்று என்பதை நினைவு கொள்வாராக.

இவ்விடத்தில் நமது சமய வரலாற்றோடு சேர்ந்த இரண்டு சாசனங்களைச் சற்றே நோக்குவோம். திருநெல்வேலிச் சீமையில் மானூர் என்றோர் ஊர். அங்குள்ள கோயிற்கல்லில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், ஏறக்குறைய 800ஆம் ஆண்டளவில், அவ்வூர்ச் சபையார் செய்த முடிவு பொறிக்கப்பட்டிருக்கிறது. சபையில் எந்த விடயம் வந்தாலும் அதற்கு மறுப்பே சொல்லி வேலையைத் தடுத்துக் கொண்டிருப்போரும், அவர்களுக்குத் துணை நிற்போரும் தலைக்கு ஐந்து காசு தண்டம் கட்டவேண்டும் என்பது அம்முடிவின் ஒரு பகுதி. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே சபையில் வழிமறிப்போர் இருந்தனர் என்பதை அறிய நமக்கு ஒருவித ஆறுதல்கூட உண்டாகிறது! அந்தத் தண்டம் நம் காலத்திலும் இருந்திருப்பின் எத்தனையோ சபைகள் சோலைவரி அறவிடாமலே செழித்திருக்கும்.

மற்றையது காஞ்சிபுரத்துக்கு அணித்தாயுள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம், 921ஆம் ஆண்டுகளில் எழுந்தது. முப்பது குடும்புகளாக ஊரை வகுத்து, தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து வாரியப் பெருமக்களைத் தெரிவு செய்தனர். ஏரிவாரியம் ஒருபுறம், தோட்டவாரியம் ஒருபுறம். பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாமற் போனவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்திற் பெயரிட முடியாது. வயது 35க்கு மேல் 70க்குள். சொந்த மனையும் இறைகட்டும் நிலமும் இருத்தல் வேண்டும். இதனைக் குடியாட்சியின் தொட்டில் என்று மேடைதோறும் முழங்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: அது பிராமணர் வாழ்ந்த சதுர்வேதிமங்கலத்தின் சபை, வேதம் ஓதாதவனுக்கும் நிலமில்லாதவனுக்கும் பெண்களுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. ஆனாலும் கணக்குக் காட்டாதவனை உறவோடு சேர்த்து விலக்கிய அந்த ஒரு விதிக்காகவே அச்சபையாரை வணங்கலாம்.

நிற்க. நம்மூருக்கு வருவோம். 1871ஆம் ஆண்டின் கிராமச்சங்கச் சட்டம், பாதை, வேலி, கிணறு, மேய்ச்சல், மீன்பிடி முதலான ஊர்க்காரியங்களுக்கு விதி செய்யும் அதிகாரத்தைக் கிராமத்தாருக்கு அளித்தது. சிறு வழக்குகளைத் தீர்க்கக் கிராமக் கோடும் ஏற்பட்டது. அதிகாரம் அளித்த கையே கடிவாளத்தையும் பிடித்திருந்தது. அரசாங்கத்தின் பிரதான தலைமைக்காரரே அச்சங்கத்தின் அக்கிராசனர். மட்டக்களப்புப் பகுதியில் அவரை வன்னியனார் என்பர். வன்னியனார் எதிரே அமர்ந்து அவர் கருத்துக்கு மாறாகக் கை உயர்த்தத் துணிந்தோர் எத்தனை பேர் இருந்திருப்பர்! சிறு பட்டினங்களுக்கு 1892ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதாரச் சபைகள் வந்தன. குப்பை, சாக்கடை, சந்தை, விளக்கு என்பவற்றோடு பட்டினம் கிராமத்திலிருந்து பிரியத் தொடங்கியது.

1924ஆம் ஆண்டுச் சட்டத்தால் தெரிவுமுறை விரிந்தது. 1931இல் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் அரசாங்க சபைத் தேர்தலில் வாக்குரிமை வந்தது. ஆசியாக் கண்டத்தில் இத்தகைய உரிமையை முதலிற் பெற்ற நாடு இலங்கை என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1938ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கிராமச்சங்கத்தார் தம் தலைவரைத் தாமே தெரிந்தெடுக்கும் நிலை ஏற்பட்டது. வன்னியனார் போய்க் காரியாதிகாரி வந்தார். 1946ஆம் ஆண்டின் மூன்றாம் இலக்கச் சட்டம் பட்டினசபைகளை உண்டாக்கியது. இவ்வாறு படிப்படியாகக் கல்முனைக்கு ஒரு பட்டினசபையும், அதனைச் சூழ்ந்த ஊர்களுக்குக் கரவாகு வடக்கு, கரவாகு மேற்கு, கரவாகு தெற்கு எனக் கிராமசபைகளும் அமைந்தன. தெற்குச் சபை என்றால் சாய்ந்தமருது. வடக்கென்றால் மருதமுனைப் பக்கம். மேற்கென்றால் நற்பிட்டிமுனைப் பக்கம். இந்த நான்கு சபைகள் என்ற கணக்கை வாசகர் மனத்திற் பதித்துக் கொள்க. பின்வரும் வழக்கு முழுவதும் அதன்மேலேயே நிற்கிறது.

கிராமத்தானுக்கு வாக்கு வந்தபோதும் எல்லாருக்கும் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1937இல் கிராமச்சங்கச் சட்டம் அரசாங்க சபையில் விவாதிக்கப்பட்டபோது, மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தமிழ்த் தொழிலாளர் அவ்வுரிமையிலிருந்து விலக்கப்பட்டனர். தோட்டம் கிராமத்தின் நடுவே கிடந்தாலும் தோட்டத்தான் கிராமத்தான் அல்லன் என்பது வாதம். பிரதேசசபைகள் தம் பணத்தைத் தோட்டக் குடியிருப்புக்களிற் செலவிட இருந்த தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தாலேயே நீங்கியது. ஊர் என்பதன் எல்லைக்கோடு எங்கே போகிறது என்று கேட்பது நிலஅளவைக்காரனின் கேள்வி மட்டுமன்று.

அச்சபைகளில் என்ன பேசினர்? பெரும்பாலும் சிறு விடயங்களே. சந்தைக் குத்தகையை எவ்வளவுக்கு விடுவது. மடுவம் எங்கே இருப்பது. எவ்வீதிக்கு முதலிற் கிறவல் போடுவது. மையவாடிக்கு மதில் எழுப்புவதா, சேமக்காலைக்குப் பாதை வெட்டுவதா. கரைவலை இழுக்கும் துறையில் மீன் விற்போருக்கு வரி விதிப்பதா. கேட்போர் நகைப்பர். ஆனால் தன் வீட்டு வாசலில் மழைநீர் தேங்கிநிற்கும் ஒருவனுக்கு ஐக்கியநாடுகள் சபையின் தீர்மானத்திலும் அந்த மதகுத் தீர்மானமே பெரிது.

என் பாட்டனாரின் எருது ஒன்று அக்காலத்தில் கட்டாக்காலியென்று பிடிபட்டுப் பட்டியில் அடைபட்டது. தண்டங் கட்டப் போனவர் என்னையும் கையிற் பிடித்துக்கொண்டு போனார். எருது புகுந்த வயலின் சொந்தக்காரர் நற்பிட்டிமுனையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெரியவர். அவரும் அங்கு வந்திருந்தார். பாட்டனார் பணத்தை எண்ணிக் கொடுப்பதைச் சற்றுநேரம் பார்த்திருந்துவிட்டு அவர் சொன்னார்: “மாடு உன்ட, வயல் என்ட, தண்டம் மட்டும் சபைக்கா மச்சான்?” பாட்டனார் சிரித்துவிட்டார். அன்று மாலை அப்பெரியவர் வீட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு சாக்கு நெல் போயிற்று. ஊர்ச்சபை தீர்க்காததை ஊர் தீர்த்த விதம் அது. ஆனால் அப்படித் தீர்ப்பதற்கு இருவரும் ஓரிடத்தில் சந்திக்க வேண்டியிருந்தது என்பதையும் கவனிக்க. அந்த இடம் சபையாக இருந்தது.

மனைவி வீட்டுக்குக் குடிபோகும் வழக்கத்தால் நேரும் ஒரு வேடிக்கையையும் இங்கே குறிப்பிடலாம். பிறந்த ஊரில் ஒருவனுக்கு எவ்வளவு செல்வாக்கிருந்தாலும் வாக்காளர் இடாப்பில் அவன் பெயர் மாமியார் வீட்டு இலக்கத்திலேயே இருக்கும். ஆகவே சபைக்குப் போட்டியிடுவோன் முதலில் வெல்லவேண்டிய வாக்கு மாமியாருடையது.

மொழிப் பிரச்சினையிலும் நமது சபைகளுக்கு ஒரு பங்குண்டு. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. அவ்வாண்டுத் தேர்தலில் கல்முனைத் தொகுதியும் பொத்துவில் தொகுதியும் தமிழரசுக் கட்சியின் சார்பில் முஸ்லிம் பிரதிநிதிகளையே பாராளுமன்றத்துக்கு அனுப்பின. கல்முனையில் வென்றவர் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பர். அவர் பின்னர் அரசாங்கப் பக்கம் போனமை வேறு கதை. 1958ஆம் ஆண்டின் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம், வடக்குக் கிழக்கு மாகாணங்களில் தமிழிற் காரியம் நடத்தும் ஸ்தல ஸ்தாபனங்கள் அரசாங்க அதிகாரிகளோடு தமிழிலேயே கடிதப் போக்குவரவு செய்யலாம் என்று ஏற்றுக்கொண்டது. அதற்குரிய பிரமாணங்கள் 1966ஆம் ஆண்டு ஜனவரியிலேயே நிறைவேறின. எட்டு ஆண்டுத் தாமதம்! அதுவரை கிராமசபையார் தெருவைப்பற்றித் தமிழில் வாதாடிவிட்டு மேலிடத்துக்கு எழுதும்போது வேறு மொழி தேடவேண்டியிருந்தது. தமிழ் என்பது கோயிலுக்குப் போவோனுக்கு மட்டும் உரிய மொழியன்று என்பதைக் கரவாகுப் பற்றின் சபைகளைப் போல் எடுத்துக்காட்டிய இடங்கள் சிலவே.

இனி வழக்கின் நடுப்பகுதிக்கு வருவோம். 1980ஆம் ஆண்டு அபிவிருத்திச் சபைச் சட்டத்தின் விளைவாக, நாடு முழுவதிலுமிருந்த பட்டினசபைகளும் கிராமசபைகளும் 1981இல் நீக்கப்பட்டன. மாவட்டத்துக்கு ஒரு சபை போதும் என்பது அக்காலத்து யோசனை. அது சரிவரவில்லை. 1987ஆம் ஆண்டின் பதினைந்தாம் இலக்கச் சட்டப்படி பிரதேசசபைகள் தோன்றின. அப்போது பழைய நான்கு சபைகளும் திரும்பி வரவில்லை. கல்முனைப் பிரதேசசபை என்ற ஒரே சபையாக வந்தன. வரைபடத்தில் கோடு அழிப்பது இலகு. ஆனால் சாய்ந்தமருதில் சபைக் கந்தோர் ஒன்று இருந்தது, அதற்கொரு தவிசாளர் இருந்தார், வரியும் குத்தகையும் ஊருக்குள்ளேயே சுழன்றன என்ற நினைவு அழியவில்லை.

அதனைத் தொடர்ந்த ஆண்டுகள் கொடியவை. 1990இல் இக்கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பட்ட துயரத்தை இங்கே விரித்துரைக்க விரும்பவில்லை. இரு பக்கத்திலும் புதைகுழிகள் உண்டு. 1994 மார்ச்சில் கிழக்கில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. 2001இல் கல்முனை மாநகரசபையாயிற்று. 1967இல் மாநகரசபையான மட்டக்களப்புக்கு அடுத்தபடியாக ஒரு கிழக்கிலங்கைக் கரையோரப் பட்டினத்துக்குக் கிடைத்த பெருமை என்று மகிழ்ந்தோர் பலர். மருதமுனையைச் சேர்ந்த முன்னாட் செனட்டர் மசூர் மௌலானா அவர்களும் முதல்வர் ஆசனத்தில் அமர்ந்தவர்.

மாநகரம் என்ற பெயர் வந்ததும் முதல்வர் பதவி ஒரு கிரீடமாயிற்று. கிரீடம் ஒன்று, ஊர்கள் பல. 2011ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் சாய்ந்தமருதைச் சேர்ந்த சிராஸ் மீராசாகிபு முதல்வரானார். 2013இல் அவர் விலகக் கல்முனையைச் சேர்ந்த நிஸாம் காரியப்பர் அப்பதவிக்கு வந்தார். இருவரும் ஒரே கட்சியினர், ஒரே சமூகத்தினர். இருந்தும் இம்மாற்றம் ஊருக்கும் ஊருக்கும் இடையிலான மனக்கசப்பாகவே பேசப்பட்டது. கரையோரத்துப் பிணக்குகளையெல்லாம் தமிழர், முஸ்லிம் என்ற ஒரே கண்ணாடியால் பார்ப்போர் இதனைச் சிந்திக்கவேண்டும். ஒரே பள்ளிவாசற் பாங்கைக் கேட்போர்க்கிடையேயும் எல்லைக்கோடு எழும். ஒரே தேரை இழுப்போர்க்கிடையேயும் எழும். சாய்ந்தமருதுக்குத் தனிச்சபை வேண்டும் என்ற கோரிக்கை 2017இன் பிற்பகுதியில் கடையடைப்பாக வெடித்தது. அதற்கு எதிர்வாதமும் உடனே எழுந்தது: பிரிப்பதாயின் ஒன்றை மட்டும் பிரித்தல் ஆகாது, 1987க்கு முன்னிருந்தது போல் நான்காகவே பிரிக்கவேண்டும் என்று.

இரு வாதங்களிலும் நியாயம் இருந்தது என்பதே நமது கருத்து. தன் ஊர்ச் சந்தையின் வருமானத்தைத் தன் ஊர்ப் பாதைக்குச் செலவிட விரும்புவோனைப் பிரிவினைக்காரன் என்று ஏசுதல் முறையன்று. அதேவேளை, ஒரு துண்டு போய்விட்டால் மீதியிருக்கும் சபையில் எவர் கை ஓங்கும் என்று மற்றையோர் கணக்குப் பார்த்ததும் வீண் அச்சமன்று. முஸ்லிம் வாக்குகளில் ஒரு பெரும்பகுதி நீங்கினால் கல்முனைப் பட்டினத்தின் பெரும்பான்மை மாறிவிடும் என்று ஒரு சாரார் அஞ்சினர். நான்காகப் பிரித்தால் பட்டினத்தின் எல்லை எந்த வீதியோடு நிற்கும், கடைத்தெரு யார் பக்கம் விழும் என்று மறுசாரார் கேட்டனர். கடைத்தெருவில் தமிழர் கடையும் முஸ்லிம் கடையும் ஒரே சுவரைப் பங்கிட்டு நிற்கின்றன. சுவரின் நடுவே கோடு போடுவது எப்படி?

2018 பெப்ரவரி 10ஆம் திகதி நடந்த தேர்தலில் சாய்ந்தமருது மக்கள் கட்சிகளைத் தள்ளிவிட்டுச் சுயேச்சைக்குழு ஒன்றையே வெல்லச் செய்தனர். எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத சபையாக அது அமைந்தது. அவ்வாண்டு நாட்டின் பல சபைகளில் தவிசாளர் தெரிவு சமவாக்காகித் திருவுளச்சீட்டில் முடிந்தது. உத்திரமேரூர்க் குடத்தைச் சட்டம் எங்கிருந்தோ தேடி எடுத்துவந்தது போலும். கல்முனையில் அந்நிலை வரவில்லை. வாக்கெடுப்பில் ஏ. எம். றகீப் முதல்வரானார், பிரதி முதல்வராகத் தமிழ் அங்கத்தவர் ஒருவர் தெரிவானார்.

பின்னர் நடந்ததை இன்றும் சாய்ந்தமருதில் மறந்தாரில்லை. 2020 பெப்ரவரி நடுப்பகுதியில், சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை என்று அரசாங்க வர்த்தமானி வெளிவந்தது. பட்டாசு வெடித்தது, இனிப்புப் பரிமாறப்பட்டது. சில நாட்களுள் மந்திரிசபை கூடி அதனை இடைநிறுத்தியது. முப்பது ஆண்டாகக் கேட்ட பொருளைக் கையில் வைத்துவிட்டு விரலை மடக்குமுன் எடுத்துக்கொண்டது போலாயிற்று. கேட்டது சரியா பிழையா என்பது ஒருபுறமிருக்க, இவ்வாறு ஓர் ஊரை நடத்துதல் ஆகாது.

தமிழர் பக்கத்திலும் இதே போன்ற ஒரு காத்திருப்பு உண்டு. கல்முனை வடக்கில் தமிழர் பிரிவுக்கென 1989இல் உப பிரதேச செயலகம் ஏற்பட்டது. அதனை முழுச் செயலகமாகத் தரமுயர்த்த வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்தபின், 2019 ஜூனில் கல்முனையில் உண்ணாவிரதம் நடந்தது. பௌத்த பிக்கு ஒருவரும் இந்துக் குருக்களும் மாநகரசபை அங்கத்தவர் சிலரும் பந்தலில் அமர்ந்தனர். அதற்கு எதிராக முஸ்லிம் மக்களும் வேறோர் இடத்திற் சத்தியாக்கிரகம் இருந்தனர். செயலகம் மத்திய அரசாங்கத்தின் கந்தோர். மாநகரசபை மக்கள் தெரிவு செய்யும் சபை. இரண்டும் வேறு வேறு. ஆனால் கடைத்தெருவில் நிற்போனுக்கு இரண்டும் ஒரே கேள்வியாகவே தோன்றின: என் பத்திரத்தில் ஒப்பமிடுவோர் யார், என் காணி யார் எல்லைக்குள் கிடக்கிறது? சாய்ந்தமருது முஸ்லிம் ஒருவர் தனிச்சபை கேட்டபோது சொன்ன காரணங்களையும் பாண்டிருப்புத் தமிழர் ஒருவர் தனிச்செயலகம் கேட்டபோது சொன்ன காரணங்களையும் பெயர்களை மறைத்துவிட்டு அருகருகே வைத்துப் பார்த்தால், எது எவருடையது என்று கண்டுபிடித்தல் கடினம். இருவரும் ஒருவரையொருவர் கேட்டிருந்தால்! நமது சங்கத்து இளைஞர் சிலருக்கு இக்கூற்று உவப்பாயிராது என்பதை அறிவோம். இருப்பினும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

நிலம் எவ்வளவு குறுகியது என்பதை 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் காட்டிற்று. ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். மருதமுனையும் பாண்டிருப்பும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் ஒரே காலையில் அழுதன. அதன்பின் அரசாங்கம் கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று விதித்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். வயலுக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நமது ஊர்களில் 200 மீற்றர் என்றால் எத்தனை தெருக்கள்! அவ்விதி 2005இன் இறுதியில் தளர்த்தப்பட்டது. வீடிழந்தோரை எங்கே குடியேற்றுவது, வயலை நிரப்பலாமா, நிரப்பினால் மாரிவெள்ளம் எங்கே போகும் என்ற கேள்விகள் அதனோடு தீரவில்லை. எல்லைக்கோட்டுக்காக ஊர்கள் இவ்வளவு வாதாடுவதன் மூலகாரணமும் இதுவே: இங்கே மண் போதாது. குப்பை கொட்டுவதற்குக்கூட இடமில்லாத மாநகரம் நம்முடையது.

2023 மார்ச்சில் நாட்டின் உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் முடிவுற்றது. தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது, சபைகளை ஆணையாளரும் செயலாளருமே நடத்தினர். 2025 மே 6ஆம் திகதி நாடெங்கும் 339 சபைகளுக்கு வாக்கெடுப்பு நடந்தது. காரைதீவார் வாக்களித்தனர்; நிந்தவூரார் வாக்களித்தனர்; அக்கரைப்பற்றாரும் வாக்களித்தனர். கல்முனை மாநகரத்துக்கு மட்டும் வழக்கு நிலுவையிலிருந்த காரணத்தால் வாக்குப்பெட்டி வரவில்லை. எல்லையை எங்கே போடுவது என்று வாதாடிக்கொண்டிருந்தோர் அனைவருக்கும் கிடைத்த பலன் ஒன்றாகவே இருந்தது.

அத்தேர்தல் நாளன்று மாலை, கடைத்தெருவிலுள்ள ஒரு தேநீர்க்கடையில் அமர்ந்திருந்தோம். காரைதீவிலிருந்து வாக்களித்துவிட்டு வந்த ஒருவர் விரலில் மை அழியாதிருந்தது. பக்கத்தில் இருந்த கல்முனைக்குடிக் காக்கா ஒருவர் அவ்விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தம் தெருவிளக்கு பல நாட்களாக எரியவில்லை என்றும், முன்பென்றால் மெம்பர் வீட்டு வாசலில் போய் நின்று ஏசலாம், இப்போது ஏசுவதற்கும் ஆளில்லை என்றும் சொன்னார்.